தறிக்குழியில் ஊறும் தண்ணீர்

ஐப்பசி அடைமழையில் சேலம் அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் போனால் சில வீடுகளில் தறிச் சத்தமே கேட்காது. உள்ளே எட்டிப் பார்த்தால் காரணம் தெரியும். தறிக்குழியில் கணுக்கால் அளவு தண்ணீர். மேலே பாவு விறைப்பாக நிற்கிறது. கீழே மிதிக்கட்டை நனைந்து ஊறிக் கிடக்கிறது. ராத்திரி சொம்பால் மொண்டு ஊற்றியிருப்பார்கள். விடிவதற்குள் பழைய மட்டத்துக்கே வந்திருக்கும். இத்தனைக்கும் வாசல் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வந்திருக்காது.

அமெரிக்காவில் பல வீடுகளின் தரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகிற உயரத்துக்கு வெற்றிடம் விட்டுக் கட்டுகிறார்கள். அங்கே தண்ணீர் சேராமல் காப்பது அவர்களுக்குப் பெரிய வேலை. நம் ஊரில் அப்படி வீடு கட்டும் வழக்கமில்லை. ஆனால் தரைக்குக் கீழே இரண்டரை, மூன்றடி இறங்குகிற இடம் குழித்தறி இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துதான் ஒரு குடும்பம் சம்பாதிக்கிறது.

குழி வெட்டியதில் ஒரு கணக்கு உண்டு. பருத்தி நூல் ஈரம் பட்டால் வலுக்கூடும். மண்ணிலிருந்து எழும் லேசான குளிர்ச்சியில் இழை அறுவது குறையும். பட்டு இதற்கு நேர்மாறு, நனைந்தால் வலுவிழக்கும். ஜரிகை ஈரக்காற்றில் கறுக்கும். வெண்பட்டு வேட்டியும் பட்டுச் சேலையும் நெய்கிற ஊரில் குழி ஊறினால் கூலி மட்டும் போவதில்லை, பாவே வீணாகிவிடும்.

தண்ணீர் இரண்டு விதமாக வருகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் காசு செலவழிப்பதுதான் பலர் செய்யும் தவறு.

முதலாவது ஓதம். செங்கல்லிலும் மண்ணிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே தண்ணீர் தானாக மேலே ஏறும். துளை எவ்வளவு சிறிதோ அவ்வளவு உயரம் ஏறும் என்று 1718-இல் ஜேம்ஸ் ஜூரின் கண்டு சொன்னார். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் 3 சென்டிமீட்டர் ஏறும் தண்ணீர், 0.1 மில்லிமீட்டர் குழாயில் 30 சென்டிமீட்டர் ஏறிவிடும். களிமண் அதிகம் உறிஞ்சி மேலே தள்ளுவதும், ஜல்லிக்கிடையில் ஓதம் ஏறாமல் நின்றுவிடுவதும் இதனால்தான். ஏறிய தண்ணீர் சுவர்ப் பரப்பில் ஆவியாகும். அதிலிருந்த உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகி, பூச்சைப் பொரித்து உதிர்க்கும். நம் பக்கத்துச் சப்பைத் தண்ணீரில் உப்புக்கா பஞ்சம்? அந்தச் சுவரில் டைல்ஸ் ஒட்டினால் ஓதம் நிற்காது. ஆவியாக வழியில்லாமல் டைல்ஸுக்கு மேலே ஏறி அங்கே உப்புப் பூக்கும்.

இரண்டாவது ஊற்று. சேலம், நாமக்கல் மாவட்டங்கள் பெரும்பாலும் கடும்பாறை நிலம். மேலே கொஞ்சம் மண், அடுத்துச் சிதைந்த கல், அதற்கும் கீழே பாறை. இறங்குகிற மழைநீர் பாறையில் முட்டி நின்று, மேல்மண்ணுக்குள்ளேயே மட்டம் உயரும். ஏரி நிறைந்திருந்தால் பக்கத்துத் தெருக்களில் இன்னும் சீக்கிரம் உயரும். அந்த மட்டம் குழியின் அடியைத் தாண்டியதும் குழி ஒரு சின்னக் கிணறாகிவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு மொண்டாலும் தீராது.

சுவரில் தெரியும் ஈரம் மண்ணிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்தா என்று கண்டுபிடிக்கக் கண்ணாடி போன்ற பாலிதீன் தாள் போதும். காய்ந்த நாளில் ஒரு முழச் சதுரத் துண்டைக் குழிச்சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் துளிகள் கோத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

மொண்ட பிறகும் குழியில் தண்ணீர் ஏறினால் அது ஊற்று. அதற்குக் குழிக்குள் சிமெண்டு பூசுவதைத்தான் முதலில் சொல்வார்கள். வெளியே தண்ணீர் மட்டம் குழியடியை விட ஓரடி உயர்ந்திருந்தால், அடித்தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 300 கிலோ எடை கீழிருந்து தள்ளும். ஒன்றரை அங்குலப் பூச்சு அதைத் தாங்குமா? விரிசல் விடும், அந்த விரிசலில் பீறிடும்.

தடுக்க வேண்டிய இடம் வெளியே இருக்கிறது. 600 சதுர அடி மாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2,800 லிட்டர். பதினைந்து லிட்டர்க் குடத்தில் நூற்றெண்பதுக்கும் மேல்! மாடிக் குழாய் சுவர் ஓரத்திலேயே கொட்டினால் அதில் பெரும்பங்கு குழிக்குத்தான் போகும். மழைநீர் சேகரிப்பை 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது, நல்ல சட்டம். ஆனால் தறி இருக்கும் சுவரை ஒட்டிச் சேகரிப்புத் தொட்டி வெட்டினால், ஊற்றை நாமே வெட்டியதாகிவிடும். இடம் இருக்கிற வரை தள்ளி, தாழ்ந்த பக்கமாக வெட்ட வேண்டும். குளியலறைத் தண்ணீருக்கான குழிக்கும் இதே விதி.

அடுத்தது சாலை. பழைய தார் மீதே புதுத் தார் போட்டுப் போட்டு, படியேறிப் போன வீடுகள் இன்று படி இறங்கிப் போகின்றன. மேல்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் வேலை தொடங்கும்போது அதைக் கேட்பது உங்கள் உரிமை. புது வீடு கட்டுகிறவர்கள் பேஸ்மட்டத்தைச் சுற்றியுள்ள நிலத்தை விட 45 சென்டிமீட்டராவது உயர்த்துங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்த அளவு அது. கடக்காலுக்கும் சுவருக்கும் நடுவே ஓதம் தடுக்கும் காங்கிரீட் பட்டை போட மேஸ்திரி மறந்தால், நின்று போடச் சொல்லுங்கள். பின்னால் சுவரை அறுத்துப் போடுவது பெரிய செலவு.

ஏற்கெனவே ஊறுகிற குழிக்கு வடிகுழிதான் வழி. வீட்டுக்கு வெளியே, தறிக்குழியை விட இரண்டடி ஆழமாக வெட்டி, துளையிட்ட பிவிசி குழாயை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் ஜல்லி நிரப்ப வேண்டும். அங்கிருந்து சின்ன மோட்டாரால் இறைத்தால் தறிக்குழியின் மட்டமும் கூடவே இறங்கும். ஜல்லி இல்லாமல் இறைக்காதீர்கள். தண்ணீரோடு கடக்காலின் மண்ணும் கரைந்து வந்துவிடும். ஈரக் குழியைக் காய வைக்க பல்பு தொங்கவிடுகிறவர்கள் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் அதைச் செய்யவே வேண்டாம். வெறுங்காலோடு மிதிக்கிற இடம் அது.

அந்தப் பிவிசி குழாய்க்குள் அங்குலம் குறித்த ஒரு மூங்கில் குச்சியைப் போட்டு வையுங்கள். ஆவணியிலிருந்து தினமும் காலையில் எடுத்து ஈரம் எந்தக் கோடு வரை இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் மட்டம் தறிக்குழி அடிக்கு அரையடி கீழே வரை ஏறியதும் மோட்டாரைப் போட்டுவிட வேண்டும்.