ரஸ்ட் மொழியின் பொதுமைத் தரவினங்களில் குறிப்புகள்

பொதுமைத் தரவினங்களில் குறிப்புகளைச் சேமித்தல் என்பது, எந்தத் தரவினத்துக்கும் பொருந்துமாறு எழுதப்பட்ட கட்டுருவுக்குள் மதிப்பை வைக்காமல், வேறோர் இடத்தில் உள்ள மதிப்பின் நினைவக முகவரியை மட்டும் வைத்துக்கொள்வதாகும். இம்முகவரி குறிப்பு அல்லது ரெஃபரன்ஸ் எனப்படும். ஜாவா போன்ற மொழிகளில் இது ஒரு சிக்கலே அன்று. குறிப்பு எஞ்சியிருக்கும் வரை மதிப்பும் நினைவகத்தில் இருக்கும். குப்பை சேகரிப்பு இல்லாத சி++, ரஸ்ட் முதலிய முறைமை நிரலாக்க மொழிகளில் மதிப்பு முன்னதாகவே அழிந்துவிடலாம். அதன்பின் எஞ்சுவது தொங்கும் குறிப்பு ஆகும்.

இது ஏட்டளவிலான கவலை அன்று. குரோம் உலாவியின் கடுமையான பாதுகாப்பு வழுக்களில் ஏறத்தாழ 70% நினைவகப் பிழைகள் என்றும், அவற்றில் பாதி விடுவிக்கப்பட்ட நினைவகத்தை மீண்டும் பயன்படுத்தியதால் நேர்ந்தவை என்றும் அதன் உருவாக்குநர்கள் 2020 இல் தெரிவித்தனர்.

எடுத்துக்காட்டு

சென்னை முகவரிகள் அடங்கிய ஒரு கோப்பு முழுவதும் ஒரே சரமாக நினைவகத்தில் ஏற்றப்பட்டுள்ளதாகக் கொள்வோம். அதில் "பெசன்ட் நகர்" என்னும் பெயர் யூடிஎஃப்-8 குறிமுறையில் 34 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும்: 11 தமிழ்க் குறியெண்களுக்கு மும்மூன்று பைட்டுகள், இடைவெளிக்கு ஒன்று. (புள்ளியும் கொம்பும் தனிக் குறியெண்கள் என்பதால் எழுத்துகளை எண்ணினால் இக்கணக்கு வராது.) 64-பிட் கணினியில் இப்பெயரைத் தனிச் சரமாகப் படியெடுத்தால், அந்த 34 பைட்டுகளுடன் சரத்தின் தலைப்புக்கு மேலும் 24 பைட்டுகள் தேவைப்படும். மூலச் சரத்தின் உரிய பகுதியைக் காட்டும் சரத்துண்டுக் குறிப்புக்கோ முகவரிக்கு 8, நீளத்துக்கு 8 என 16 பைட்டுகளே போதும். இலட்சம் முகவரிகள் இருந்தால் இலட்சம் முறை நினைவகம் ஒதுக்கும் வேலையும் மிச்சமாகும்.

ஆனால் மூலச் சரம் அழிந்தால் இலட்சம் குறிப்புகளும் ஒருசேரத் தொங்கும்.

ரஸ்டின் வாழ்நாள் குறி

2015 மே மாதத்தில் 1.0 பதிப்பு வெளியான ரஸ்ட் மொழி இதனை நிரல்பெயர்ப்பின்போதே தடுக்கிறது. ஒவ்வொரு குறிப்புக்கும் அது செல்லுபடியாகும் காலத்தைக் குறிக்கும் வாழ்நாள் உண்டு. இக்கருத்து ரஸ்டில் தோன்றியதன்று. சி மொழியின் பாதுகாப்பான வடிவமாக உருவாக்கப்பட்ட சைக்ளோன் மொழியிலும் இதற்கு முன்னோடி உண்டு.

பொதுமைத் தரவினம் குறிப்பை ஏந்துவது இரு வகைப்படும். புதிதாகக் கற்போர் பெரும்பாலும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர். முதல் வகையில் தரவின அளபுருவான டி-யின் இடத்தில் ஒரு குறிப்பே வந்து அமர்கிறது. வெக்<டி> என்னும் பட்டியலின் வரையறையில் வாழ்நாள் எதுவும் எழுதப்படவில்லை. எனினும் டி ஆனது சரத்துண்டுக் குறிப்பாக அமையும்போது அதன் வாழ்நாளும் டி-க்குள் அடங்கி வந்துவிடுகிறது. மேலே கூறிய முகவரிப் பட்டியல் இவ்வகையே. மூலச் சரத்தை விடுவித்த பின் பட்டியலைப் பயன்படுத்த முயன்றால் நிரல் பெயர்க்கப்படாது.

இரண்டாம் வகையில் கட்டுருவின் உறுப்பே &'அ டி என எழுதப்படுகிறது. அப்போது 'அ என்னும் வாழ்நாளைக் கட்டுருவின் அளபுருவாக அறிவித்தாக வேண்டும். இங்கு மற்றொரு நிபந்தனையும் எழுகிறது. டி-யும் 'ஆ என்னும் வாழ்நாள் கொண்ட குறிப்பாக இருக்கலாம் அல்லவா? அந்த உட்குறிப்பு வெளிக்குறிப்புக்கு முன் காலாவதியானால், வெளிக்குறிப்பு செல்லுபடியாவது போலத் தோன்றினாலும் உள்ளே இருப்பது வெற்று முகவரியே. ஆகவே டி-யில் உள்ள குறிப்புகள் அனைத்தும் குறைந்தது 'அ வரை செல்லுபடியாக வேண்டும். இது டி: 'அ எனக் குறிக்கப்படுகிறது. முன்னர் இதனை நிரலரே எழுத வேண்டியிருந்தது. 2018 முதல் கட்டுருவின் உறுப்புகளைப் பார்த்து நிரல்பெயர்ப்பியே ஊகித்துக்கொள்கிறது.

டி: 'ஸ்டாடிக் என்னும் நிபந்தனை பரவலாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. மதிப்பு நிரல் முடியும் வரை நினைவகத்தில் இருக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. டி-க்குள் கடன்பெற்ற குறுகிய காலக் குறிப்பு ஏதும் இருக்கக்கூடாது என்பதே பொருள். சாதாரண சரம் அடுத்த வரியிலேயே அழிக்கப்பட்டாலும் இந்நிபந்தனையை நிறைவு செய்யும். புதிய இழையைத் தொடங்கும் செயற்கூறு இந்நிபந்தனையை விதிப்பதால், உள்ளக மாறிகளின் குறிப்புகளை அதற்கு அனுப்ப இயலாது. அனுப்ப வழிசெய்த முந்தைய வசதி ஒன்றில் பாதுகாப்புக் குறை இருந்தது தெரியவந்து, 1.0 பதிப்புக்குச் சில வாரங்களுக்கு முன் அது நீக்கப்பட்டது. வேறு வடிவில் அது திரும்பி வந்தது 2022 ஆகத்தில், 1.63 பதிப்பில்தான்.

சி++ மொழியில்

சி++ இல் குறிப்பு என்பது ஒரு பொருள் அன்று. தொடங்கிய பின் வேறொன்றைக் காட்டுமாறு அதனை மாற்றவும் முடியாது. இதனால் வெக்டர் பட்டியலில் குறிப்புகளை நேரடியாக வைக்க இயலாது. சுட்டுகளையோ, சி++11 இல் வந்த ரெஃபரன்ஸ் ராப்பர் என்னும் உறையையோ பயன்படுத்த வேண்டும். ஆப்ஷனல் தரவினத்துக்குள் குறிப்பை வைப்பது சி++26 வரைவில் 2025 இல்தான் ஏற்கப்பட்டது. மதிப்பிருத்தும்போது குறிப்பு காட்டும் பொருள் மாற வேண்டுமா, குறிப்பே மாற வேண்டுமா என்ற வாதம் நெடுங்காலம் நீடித்தது. குறிப்பே மாறும் என முடிவாயிற்று. இவை எவையும் தொங்கும் குறிப்பைத் தடுப்பதில்லை.

வன்பொருள் வழி

எழுதி முடிக்கப்பட்ட சி நிரல்கள் அனைத்தையும் ரஸ்டில் மாற்றி எழுதுவது நடைமுறைக்கு ஒவ்வாது. பெசன்ட் நகருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய சக்தி செயலியை அடிப்படையாகக் கொண்டு, அங்குள்ள ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட சக்தி-எம்எஸ் வடிவமைப்பு இச்சிக்கலை மறுமுனையிலிருந்து அணுகுகிறது. அதில் சுட்டுகளுடன் அடையாளம் பிணைக்கப்பட்டு, சுட்டு இன்னும் செல்லுபடியாகிறதா, எல்லைக்குள் உள்ளதா என்பதை நிரல் ஓடும்போது செயலியே சரிபார்க்கிறது. ரஸ்டின் சோதனையோ நிரல்பெயர்ப்புடன் முடிந்துவிடுகிறது. ஓடும் நிரலில் வாழ்நாள் குறிகளின் சுவடே இராது.

வரம்புகள்

ஒரு கட்டுரு தன் உறுப்பு ஒன்றையே குறிப்பால் காட்டுவது இயல்பான ரஸ்ட் நிரலில் இயலாது. கட்டுரு நினைவகத்தில் இடம்பெயர்ந்தால் உள்ளே உள்ள முகவரி பழையதாகிவிடும். வரைபடம், இருவழிப் பட்டியல் போன்ற தரவுக் கட்டமைப்புகளை எழுதுவோர் இங்கேதான் முதலில் தடுமாறுவர். மதிப்புகள் அனைத்தையும் ஒரே பட்டியலில் வைத்து, குறிப்புக்கு மாற்றாக அவற்றின் வரிசை எண்ணைச் சேமிப்பது வழக்கமான தீர்வு. நீக்கப்பட்ட உறுப்பின் எண்ணில் வேறோர் உறுப்பு வந்து அமர்ந்தால் அதனை நிரல்பெயர்ப்பி கண்டறியாது.