பக்கத்து பெஞ்சு ஆசிரியர்

அமெரிக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு, அடிக்கடி வரும் சொற்களைப் பார்த்ததும் வாசிப்பது ஒரு முக்கியமான தொடக்கப் படி. கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936-இல் அத்தகைய 220 சொற்களைத் தொகுத்தார். ஒரு சொல் மனதில் பதிய எழுத்து, ஒலி, பொருள் மூன்றும் பலமுறை சேர்ந்து வரவேண்டும்; தவறு உடனே திருத்தப்படவேண்டும். முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்றால் இது நடக்காது. ஆனால் பிள்ளைகள் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவருக்கு மற்றவர் சொல் அட்டை காட்டினால் வகுப்பில் பாதிப்பேர் ஒரே நேரத்தில் வாய்திறந்து வாசிக்கிறார்கள். 1980-களில் கான்சாஸ் ஆய்வாளர்கள் சக மாணவர் கற்பித்தலை வளர்த்தெடுத்ததும் இப்படி வாய்திறக்கும் வாய்ப்பைப் பெருக்கத்தான்.

சொல்லித்தரும் பிள்ளையே தவறாகச் சொன்னால்? நியாயமான கவலை, அதனால் சரளமாக வாசிப்பவரையே இணையாக்கி, திருத்தும் முறையை முன்பே பழக்கவேண்டும். வெறும் மனப்பாடமாகிவிடாதா என்பது அடுத்த கேள்வி. எழுத்தையும் ஒலியையும் பொருத்திக் காட்டினால் ஆகாது. எஸ்-ஏ-ஐ-டி என்று எழுதி ‘செட்’ என வாசிக்கும் சொல்லில் முதலும் கடைசியும் ஒலிப்படியே நிற்கின்றன. முரண்டுபிடிப்பது நடுவிலுள்ள இரண்டு எழுத்துகள்தான். அங்கே விரல்வைத்துக் காட்டி, அச்சொல்லை வாக்கியத்தில் சொல்லவைத்தால் பொருளும் சேர்ந்தே பதியும்.