வயிற்றுத் தசையும் அதன்மேல் ஒரு போர்வையும்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில், விறகுச் சுமையோ புல்லுச் சுமையோ தலையில் ஏற்றிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறி வரும் பெண்களைக் காணலாம். மலையாளிப் பழங்குடிப் பெண்கள் அவர்கள். (பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். மலையில் வாழ்வோர் என்பதே பொருள், பேசுவது தமிழே.) கழுத்து ஆடாமல், பேச்சும் நிற்காமல் அவர்கள் ஏறுவதைப் பார்த்தால், வெறுங்கையோடு மூச்சு வாங்க நிற்கும் நமக்குச் சற்றே வெட்கமாக இருக்கும். அவர்களுடைய வயிற்றுத் தசைகள் வலிமையானவை என்பதில் ஐயமில்லை. அப்படியானால், திரைப்படச் சுவரொட்டிகளில் காணும் கட்டங்கள் உழைக்கும் பெண்கள் எல்லாருடைய வயிற்றிலும் தெரிய வேண்டும் அல்லவா? பெரும்பாலோரிடம் தெரிவதில்லையே, ஏன்?

கல்லூரியில் கபடி ஆடும், நெடுந்தூரம் ஓடும் மாணவிகள் இதே வினாவை வேறு விதமாகக் கேட்கிறார்கள். "தினமும் நூறு முறை படுத்து எழுகிறேன். ஆனாலும் வயிற்றில் கோடு விழவில்லையே?" இயற்பியல் ஆசிரியரிடம் கேட்கும் வினாவா இது என்று நீங்கள் நினைக்கலாம். விடையில் பாதி உடலியல்; மறுபாதி ஆர்க்கிமிடீசும் ஆற்றல் அழியாமை விதியும்தான்.

கட்டங்கள் எங்கே இருக்கின்றன?

வயிற்றின் முன்புறத்தில், இடுப்பெலும்பின் முன்பகுதியிலிருந்து மார்பெலும்பின் அடிமுனையும் ஐந்து முதல் ஏழு வரையுள்ள விலாவெலும்புகளும் வரை இரண்டு நீண்ட தசைப்பட்டைகள் செங்குத்தாகச் செல்கின்றன. இவை நேர் வயிற்றுத் தசைகள். இரண்டிற்கும் நடுவே வெண்மையான நார்த்திசுக் கோடு ஒன்று ஓடுகிறது. ஒவ்வொரு பட்டையையும் குறுக்கே பெரும்பாலும் மூன்று நார்க்கட்டுகள் பிரிக்கின்றன: ஒன்று மார்பெலும்பின் முனையருகே, ஒன்று தொப்புள் அருகே, ஒன்று இரண்டிற்கும் இடையில். கட்டங்கள் என்று நாம் சொல்வது இந்தக் கட்டுகளுக்கு இடையே புடைக்கும் தசையைத்தான். எத்தனை கட்டுகள், நேர்கோடா சாய்வா என்பதெல்லாம் தாயின் கருவிலேயே முடிவாகிவிடுகின்றன. எந்தப் பயிற்சியும் நான்கு கட்டங்களை ஆறாக்காது.

பக்கவாட்டில் மூன்று அடுக்குத் தசைகள், ஒட்டுப்பலகையின் அடுக்குகளைப் போல ஒவ்வொன்றின் இழைகளும் வேறு வேறு திசையில் செல்லுமாறு அமைந்துள்ளன. இவை எல்லாம் சேர்ந்து என்ன செய்கின்றன? பந்தல் கம்பத்தை நான்கு புறமும் இழுத்துக் கட்டிய கயிறுகளை நினைத்துப் பாருங்கள். முதுகெலும்புதான் கம்பம். தலையில் சுமை இருக்கும்போது அதன் எடை முதுகெலும்பின் வழியே நேராகக் கீழே இறங்குகிறது. திருப்புத்திறன் மிகக் குறைவு. உடல் ஒரு பக்கம் சற்றே சாய்ந்தால் மறுபக்கக் கயிறு இறுகுகிறது. ஆனால் அதே சுமையைக் குனிந்து தூக்கும்போது கதை வேறு. 20 கிலோ சுமை முதுகெலும்பிலிருந்து 40 செ.மீ. முன்னால் இருக்கிறது, அதைத் தாங்கும் முதுகுத் தசையோ 5 செ.மீ. தொலைவில்தான் இருக்கிறது. நெம்புகோல் விதிப்படி அத்தசை எட்டு மடங்கு, அதாவது 160 கிலோ எடைக்கு ஈடாக இழுக்க வேண்டும். அப்போது வயிற்றுத் தசைகள் இறுகி, வயிற்றறையைக் காற்றடைத்த பந்துபோல் ஆக்கி, முதுகெலும்புக்கு முட்டுக் கொடுக்கின்றன. வயிற்றுத் தசையின் தலையாய பணி இதுதான். பிறர் கண்ணுக்குத் தெரிவது அதன் பணிகளில் ஒன்றன்று.

நிலாவும் நிழலும்

தசைக்கும் தோலுக்கும் இடையே கொழுப்புத் திசு ஒரு போர்வையாகப் படர்ந்திருக்கிறது. மெத்தைக்கு அடியில் சங்கிலி ஒன்றை வைத்தால் அதன் வளையங்கள் தெரியா. மெல்லிய துணிக்கு அடியில் வைத்தால் ஒவ்வொன்றும் தெரியும். கோடு தெரிவதும் தெரியாததும் பெரும்பாலும் இந்தப் போர்வையின் தடிப்பைப் பொறுத்தது.

வெளிச்சத்திற்கும் இதில் பங்குண்டு. ஜவ்வாது மலையிலேயே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் விட்டமுள்ள அதன் பெரிய தொலைநோக்கி 1986இல் இயங்கத் தொடங்கியது. அத்தனை பெரியது வேண்டாம், சிறிய தொலைநோக்கி ஒன்றின் வழியே நிலாவைப் பாருங்கள். முழு நிலவன்று பள்ளங்கள் ஏறக்குறைய மறைந்து முகம் தட்டையாகத் தோன்றும். அரை நிலவன்றோ ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையருகே ஒவ்வொரு பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். பள்ளம் மாறவில்லை, ஒளி விழும் கோணம் மாறியது. புகைப்படக்காரர் விளக்கைப் பக்கவாட்டில் வைப்பதும், தோலில் எண்ணெய் தடவச் சொல்வதும் இதே உத்தியைக் கொண்டுதான். படமெடுக்கும் நாளில் நீரைக் குறைத்துக் குடிப்போரும் உண்டு. அந்த வயிறு மறுநாள் காலையில் அப்படி இருப்பதில்லை.

அங்கேயே கரையுமா?

வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்பது பரவலான நம்பிக்கை. இதை அழகாகச் சோதித்தவர்கள் உண்டு. டென்னிஸ் வீரர் ஒரு கையால் மட்டும் ஆண்டுக் கணக்கில் ஆடுகிறார். அந்தக் கையின் கொழுப்பு மெலிந்திருக்க வேண்டுமே? 1971இல் கலிபோர்னியாவில் அளந்து பார்த்தார்கள். ஆடும் கை பருத்திருந்தது. தோலடிக் கொழுப்போ இரு கைகளிலும் ஒன்றாகவே இருந்தது. 1984இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 13 ஆண்கள் 27 நாட்களில் ஆளுக்கு 5,004 முறை படுத்து எழுந்தார்கள். வயிறு, முதுகு, பிட்டம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் கொழுப்புச் செல்களை எடுத்து அளந்தபோது, எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் அவை சுருங்கியிருந்தன. கொழுப்பு இரத்தத்தின் வழியே உடல் முழுவதிலுமிருந்து செலவாகிறது. எந்தக் கிடங்கு முதலில் காலியாகும் என்பதைத் தீர்மானிப்பவை பரம்பரையும் ஹார்மோன்களும்.

அப்படிச் செலவாகும் கொழுப்பு போவது எங்கே? வியர்வையில் என்பார்கள் சிலர், வெப்பமாக மாறிவிடுகிறது என்பார்கள் சிலர். 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் போட்ட கணக்கின்படி, 10 கிலோ கொழுப்பு முழுதும் எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது. மலையேறும்போது வாங்கும் மூச்சில்தான் நம் கொழுப்பு வெளியே போகிறது.

மலைக்கும் கடலைக்கும் ஒரு கணக்கு

50 கிலோ எடையுள்ள ஒரு பெண் 300 மீட்டர் உயரம் ஏறுகிறாள் என்று கொள்வோம். புவியீர்ப்பை எதிர்த்து அவள் செய்யும் வேலை 50 × 9.8 × 300 = 1,47,000 ஜூல், அதாவது 35 கிலோ கலோரி. தசையின் பயனுறுதிறன் சுமார் 25 விழுக்காடு என்பதால் அவள் செலவிடுவது 140 கிலோ கலோரி. இது எவ்வளவு? 25 கிராம் வேர்க்கடலை. ஒரு கைப்பிடி! மலையுச்சியில் கடலைப் பொட்டலம் ஒன்றை வாங்கினால் கணக்கு நேராகிவிடும். (கிடையாக நடக்கும் தூரத்திற்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்காவில் லுவோ, கிகுயு பெண்கள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலைச்சுமையை, சமதளத்தில், கூடுதல் ஆற்றல் செலவின்றிச் சுமப்பதாக 1986இல் கண்டறிந்தார்கள். ஏற்றத்தில் அந்தச் சலுகை கிடையாது. உயரத்துக்கான வேலையை யாரும் ஏமாற்ற முடியாது.)

இனி அந்தப் பெண்ணின் உடலில் எவ்வளவு கொழுப்பு என்று பார்ப்போம். கொழுப்பின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.90 கிராம்; மற்ற திசுக்களின் சராசரி 1.10. எனவே கிரீடத்தில் தங்கமும் வெள்ளியும் எவ்வளவு என்று ஆர்க்கிமிடீஸ் கண்டது போலவே கண்டுவிடலாம். அவளை நீருக்குள் நிறுத்தால் 2 கிலோ என்று வருகிறது (நுரையீரலில் எஞ்சிய காற்றுக்குத் திருத்தம் செய்த பின்). இழந்த எடை 48 கிலோ; ஆகவே கன அளவு 48 லிட்டர்; அடர்த்தி 50 ÷ 48 = 1.0417. சிரி என்பவர் தந்த வாய்பாட்டின்படி 495 ஐ இந்த அடர்த்தியால் வகுத்து 450 ஐக் கழித்தால் 25.2 விழுக்காடு. ஆக, கொழுப்பு 12.6 கிலோ, மற்றவை 37.4 கிலோ. அவள் முற்றிலும் நலமான பெண்.

இம்முறையால் 1942இல் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் பெங்கியும் உடன் பணியாற்றியவரும் கால்பந்தாட்ட வீரர்களை நீரில் நிறுத்தார்கள். உயர-எடை அட்டவணைப்படி அவர்களில் பெரும்பாலோர் மிகை எடையினர், படைக்குத் தகுதியற்றவர்கள். அடர்த்தியோ மிக அதிகம். அந்த எடை முழுதும் தசை!

நம் பெண்ணிடம் திரும்புவோம். பெண்களுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரிய உடற்கொழுப்பு பொதுவாக 20 விழுக்காட்டிற்கும் கீழே வர வேண்டும். 18 என்று வைத்துக்கொண்டால், தசை குறையாமல் 4.4 கிலோ கொழுப்பு மட்டும் போக வேண்டும். கிலோவுக்கு 7,700 கிலோ கலோரி வீதம் ஏறக்குறைய 34,000. உணவைக் கூட்டாமல் அந்த மலையைச் சுமார் 240 முறை ஏற வேண்டும். அப்போது அவள் எடை 45.6 கிலோ. உயரம் 160 செ.மீ. என்றால் உடல் நிறை எண் 17.8, மருத்துவர் அட்டவணையில் 18.5க்குக் கீழே இருப்பது குறை எடை. நலமாக இருந்தவளை நோயாளியின் கட்டத்திற்கு அல்லவா நகர்த்திவிட்டோம்!

பெண்ணின் சேமிப்பு

ஆணுக்கு உயிர் வாழ இன்றியமையாத கொழுப்பு உடல் எடையில் சுமார் 3 விழுக்காடு. பெண்ணுக்குச் சுமார் 12. பேறுகாலத்துக்கும் பாலூட்டலுக்குமான முன்னேற்பாடு இது. ஆண் நடிகரின் வயிற்றைப் பார்த்து ஒரு பெண் தன் வயிற்றை அளப்பது, வேறு அலகில் அளந்த எண்ணோடு தன் எண்ணை ஒப்பிடுவதற்குச் சமம். கொழுப்பு வெறும் கிடங்கும் அல்ல. 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் ஹார்மோனைக் கொழுப்புத் திசுவே சுரந்து, இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது.

இருப்பைவிட அவசரமானது அன்றாட வரவு செலவு. உண்ட ஆற்றலிலிருந்து பயிற்சிக்கான செலவைக் கழித்தால் மிஞ்சுவதுதான் இதயம், மூளை, எலும்பு, கருப்பை எல்லாவற்றுக்கும். கொழுப்பு நீங்கலான உடலின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 45 கிலோ கலோரி மிஞ்சினால் நல்லது. அது 30க்குக் கீழே போனால், மாதவிடாயை நடத்தும் மூளை ஹார்மோனின் துடிப்பு ஐந்தே நாளில் குலைகிறது என்று லௌக்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி 2003இல் காட்டினார். நம் பெண்ணுக்கு 37.4 × 30 = 1,122. அவள் 1,500 கிலோ கலோரி உண்டு, ஓட்டத்தில் 400 செலவிட்டால் மிஞ்சுவது 1,100. மூன்று வேளையும் உண்கிறாள். பட்டினி கிடப்பதாக அவளுக்கோ அவள் அம்மாவுக்கோ தோன்றவே தோன்றாது. ஆனால் உடல் கடையைச் சாத்தத் தொடங்கிவிடும்.

முதலில் மாதவிடாய் தள்ளிப்போகும், பிறகு நிற்கும். "நன்றாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான்" என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தவறு. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பில் கால்சியம் நிற்காது. எலும்பு தன் உச்ச வலிமையைச் சேர்த்துக்கொள்வது இருபதுகள் வரைதான். கல்லூரி ஆண்டுகளில் இழந்ததைப் பின்னர் முழுதும் ஈட்டுவது அரிது. ஓடும் பெண்ணின் கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுவது இப்படித்தான். உலக ஒலிம்பிக் குழு 2014இல் இந்நிலைக்குத் தனிப் பெயரிட்டு எச்சரித்தது. மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, கருவுறுதல் போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம்.

அப்படியானால் கோடே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. போர்வையை மெலிய வைப்பது ஒரு வழி. அடியில் உள்ள சங்கிலியைத் தடிமனாக்குவது மற்றொரு வழி. பெண்களுக்கு இரண்டாவதே பாதுகாப்பானது. தசை தடிக்க எதிர்ப்பு வேண்டும். நூறு முறை எளிதாகச் செய்யும் பயிற்சி அதற்கு உதவாது. பத்துப் பன்னிரண்டு முறையில் களைப்புத் தரும் பயிற்சிதான் தசையை வளர்க்கும். முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்துவது, எடையோடு உட்கார்ந்து எழுவது, ஒரு கையில் மட்டும் வாளி நீரைச் சுமந்து நடப்பது ஆகியவை நல்லவை. வாளியைத் தூக்கும்போது எதிர்ப்புற வயிற்றில் கையை வைத்துப் பாருங்கள். கயிறு இறுகுவது தெரியும்.

தசைக்குச் செங்கல் புரதம். பயிற்சி செய்வோர் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை உண்ணலாம். மலையில் விளையும் சாமை நல்ல தானியம். ஆயினும் சாமைச் சோறு மட்டும் இதைத் தராது. துவரை, மொச்சை, கடலை, முட்டை உடன் வேண்டும். இரும்புச் சத்தையும் மறக்கக் கூடாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. உயிர்வளியைச் சுமக்க ஆளில்லாத தசை எப்படி ஏறும்?

நலத்திற்காக அளக்க விரும்பினால் கண்ணாடியைவிடத் தையற்காரரின் நாடா மேல். குடலைச் சூழ்ந்த உட்கொழுப்பே நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிகாட்டி. நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. தோலடிப் போர்வை மெலிதாக இல்லாமல் கோடே தெரியாத வயிறும் இந்த அளவுக்குள் நன்றாக அடங்கும்.

குழந்தை பெற்ற பெண்களுக்குத் தனியே ஒரு சொல். கர்ப்ப காலத்தில் நடுவிலுள்ள வெண்கோடு விரிந்து இரு பட்டைகளும் விலகுகின்றன. பலருக்குச் சில மாதங்களில் தானே கூடிவிடும். மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கும்போது தொப்புள் அருகே இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தென்பட்டாலோ, நடுவே மேடு புடைத்தாலோ, படுத்து எழும் பயிற்சியை நிறுத்திவைத்து, முதலில் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ காட்டி, மூச்சை வெளிவிட்டபடி உள்வயிற்றுத் தசையை இறுக்கும் மெல்லிய பயிற்சியிலிருந்து தொடங்க வேண்டும்.