கரை தெரியாத நாட்கள்

கப்பலேறிய மாணவர்கள் – 7

சென்ற வாரம் வானியற்பியலாளர் சந்திரசேகரைப் பார்த்தோம். 1930 ஜூலை கடைசியில் பம்பாயில் ‘பில்ஸ்னா’ கப்பலில் ஏறிய அந்தப் பத்தொன்பது வயது இளைஞர், இங்கிலாந்து போய்ச் சேருமுன்பே, வெண்குள்ள விண்மீனின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கணக்குப் போட்டுக் கண்டறிந்தார். அவருக்குக் கப்பல், கேம்பிரிட்ஜுக்குப் போகும் வழி. இந்த வாரம் நாம் சந்திக்கப்போகிறவர்களுக்கோ கப்பல்தான் கல்லூரி. வகுப்பறை, நூலகம், விடுதி, தேர்வு எல்லாமே அதற்குள். ஒரு பருவம் முழுக்க அதிலேயே படித்துக்கொண்டு, ஏறத்தாழ பத்து நாடுகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

இந்த யோசனைக்கு வயது நூறு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் லஃப், நான்கு சுவருக்குள் உலகத்தைக் கற்றுத்தர முடியாது என்று நம்பியவர். 1926 செப்டம்பர் 18 அன்று, நியூ ஜெர்ஸியின் ஹோபோகன் துறையிலிருந்து ‘ரைண்டாம்’ என்ற கப்பல் ஏறத்தாழ 500 மாணவர்களுடன் புறப்பட்டது. ‘மிதக்கும் பல்கலைக்கழகம்’ என்று அதற்குப் பெயர். ஏழு மாதங்களுக்கும் மேல் உலகைச் சுற்றினார்கள். கப்பலிலேயே ‘பினாக்கிள்’ என்று ஒரு செய்தித்தாளும் நடத்தினார்கள். ஆனால் துறைமுக நகரங்களின் மதுக்கூடங்களில் மாணவர்கள் அடித்த கூத்து, பாடத்தைவிட வேகமாக உலகப் பத்திரிகைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்தப் பரபரப்பு புரியும். பயணம் தோல்வி என்று முத்திரை குத்தப்பட்டது. லஃப் தன் வேலையையே இழந்தார்.

யோசனை சாகவில்லை. 1960களில் கலிஃபோர்னியாவின் சாப்மன் கல்லூரி அதைக் கையில் எடுத்தது. ஹாங்காங் கப்பல் அதிபர் சி. ஒய். டங், புகழ்பெற்ற ‘குயின் எலிசபெத்’ கப்பலை 1970இல் ஏலத்தில் வாங்கி, அதையே பல்கலைக்கழகமாக மாற்ற முனைந்தார். வேலை முடியும் தறுவாயில், 1972 ஜனவரி 9 அன்று, ஹாங்காங் துறைமுகத்திலேயே அது தீப்பிடித்து அழிந்தது. டங் அதோடு விட்டுவிடவில்லை. அவருடைய இன்னொரு சிறிய கப்பலில் வகுப்புகள் தொடர்ந்தன. ‘செமஸ்டர் அட் சீ’ என்ற பெயரில் இன்றுவரை நடக்கும் திட்டம் அதன் வாரிசு. 1998இல் ஜெர்மனியின் கீல் நகரில் கட்டப்பட்ட ‘வேர்ல்ட் ஒடிசி’ 2015 முதல் அதன் கப்பல். 2016 முதல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் பாடங்களுக்குக் கல்வி அங்கீகாரம் வழங்குகிறது.

இத்தகைய கப்பலில் ஏறும் மாணவியின் கண்ணில் நிற்பதெல்லாம் துறைமுகங்கள்தான். ஜப்பான், வியட்நாம், இந்தியா, தென்னாப்பிரிக்கா என்று வரைபடத்தில் விரல் ஓட்டிப் பார்த்திருப்பாள். அந்த நாடுகளுக்கு முன்னால் அவளுக்குக் கிடைப்பவை, எந்தக் கரையும் தெரியாத முதல் சில நாட்கள். இந்தக் கல்வியின் அடித்தளம் அந்த நாட்களில்தான் விழுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஏறியவுடன் பாஸ்போர்ட்டைக் கப்பல் அலுவலகம் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் குடியேற்ற அதிகாரிகளிடம் மொத்தமாகக் காட்டவேண்டும் அல்லவா? இரண்டு கட்டில், ஒரு சின்ன மேசை, ஒரு குளியலறை கொண்ட கேபின். முன்பின் தெரியாத ஒருத்தி அறைத்தோழி. பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் அபாயச் சங்கு ஊதும். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. உயிர்காப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டு, தனக்கென்று குறித்த இடத்தில் வரிசையில் போய் நிற்கவேண்டும். சர்வதேசக் கடல் சட்டப்படி பயணிக் கப்பல் கிளம்பும்போதே நடத்தியாக வேண்டிய பயிற்சி இது. பேராசிரியரும் அவர் குழந்தையும்கூட அதே வரிசையில் நிற்பார்கள். கரையில் எந்தக் கல்லூரியும் இப்படிப்பட்ட முதல் பாடத்தை நடத்துவதில்லை: இங்கே எல்லோர் உயிருக்கும் எல்லோரும் பொறுப்பு.

அன்று இரவோ மறுநாளோ குமட்டல் தொடங்கும். காதின் உட்பகுதியில் உடலின் சமநிலையை உணரும் உறுப்புகள் இருக்கின்றன. கப்பல் ஏறி இறங்குவதை அவை மூளைக்குச் சொல்கின்றன. கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவளின் கண்ணோ, சுவரும் மேசையும் அசையாமல் இருப்பதாகச் சொல்கிறது. முரண்பட்ட இரண்டு சாட்சிகளுக்கு நடுவே மூளை திணறுகிறது; வயிறு புரட்டுகிறது. புத்தகத்தைத் திறந்தால் இன்னும் மோசம். மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகும். ஆட்டம் குறைவான இடம், கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் உடல் பழகிவிடுகிறது. அப்படிப் பழகிய உடலுக்குப் பிறகு முதல் துறைமுகத்தில் இறங்கும்போது தரை ஆடுவதுபோலத் தோன்றும்.

கடல் எப்போதும் இவ்வளவு இரக்கம் காட்டுவதில்லை. 2005 ஜனவரியில் வான்கூவரிலிருந்து கொரியாவை நோக்கிப் புறப்பட்ட, இதே திட்டத்தின் அன்றைய கப்பலான ‘எக்ஸ்ப்ளோரர்’, சில நாட்களிலேயே வடபசிபிக் புயலில் சிக்கியது. ஜனவரி 26 அன்று ஏறத்தாழ 50 அடி உயர அலை மோதியதில், கப்பலைச் செலுத்தும் மேலறையின் கண்ணாடி உடைந்து, இயந்திரங்கள் சிறிது நேரம் நின்றுபோயின. கப்பலில் ஏறத்தாழ 700 மாணவர்கள். திசை திருப்பி ஹவாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சங்கு ஊதியதும் வரிசையில் நின்ற பயிற்சியின் பொருள் அப்படிப்பட்ட ஓர் இரவில் விளங்கும்.

பிறகு வகுப்புகள். கடலில் சனி, ஞாயிறு கிடையாது. நாட்களுக்கு ‘ஏ’ நாள், ‘பி’ நாள் என்று பெயர். இன்று சில பாடங்கள், நாளை வேறு சில, நாளை மறுநாள் முதலில் நடந்தவை. துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் வகுப்பறைக்கு விடுமுறை. யார் எந்தத் துறையைப் படித்தாலும், போகப்போகும் நாடுகளைப் பற்றிய பொதுப் பாடம் ஒன்று அனைவருக்கும் கட்டாயம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஏதேனும் ஒரு துறைமுகத்தில் ஒரு நாள் களவகுப்பு உண்டு. அந்தப் பாட நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு களத்துக்கே ஒதுக்கப்படுகிறது. பேராசிரியர்கள் குடும்பத்தோடு கப்பலிலேயே குடியிருப்பதால், காலையில் பாடம் நடத்தியவர் மாலையில் பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கேட்க மறந்த கேள்வியை அங்கேயே கேட்கலாம்.

இன்னொரு பாடத்தைக் கடிகாரம் நடத்துகிறது. பூமியில் 15 பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். பசிபிக்கில் மேற்கு நோக்கிப் போகும் கப்பலில், சில நாட்களுக்கு ஒரு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளவேண்டும். அன்று நாளுக்கு 25 மணி. சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடக்கும்போது ஒரு தேதி முழுசாகக் காணாமல் போகும். அன்று பிறந்தநாள் உள்ளவருக்கு அந்த வருஷம் பிறந்தநாளே இல்லை! விமானத்தில் போனால் இதெல்லாம் தூக்கத்தில் கழிந்துவிடும். கப்பலில் பூமியின் பருமன் மெல்ல மெல்ல உடம்பில் இறங்குகிறது.

மாணவி பார்க்கும் முதல் வெளிநாட்டவரும் துறைமுகத்தில் இல்லை, கப்பலுக்குள்ளேயே இருக்கிறார்கள். கேபினைச் சுத்தம் செய்பவரும் உணவு பரிமாறுபவரும் இயந்திர அறையில் வியர்ப்பவரும் பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட பல நாட்டுக்காரர்கள். மாதக்கணக்கில் பிள்ளைகளைப் பிரிந்து உழைப்பவர்கள். அவர்களிடம் பேர் கேட்டு, ஊர் கேட்டு, வீட்டில் யார் யார் என்று கேட்கப் பழகும் மாணவி, கரையில் இறங்கும்போதும் மனிதர்களை அப்படியே அணுகுவாள். அவர்களைக் கவனிக்காமலே கடந்துபோகிறவள் பத்து நாடு சுற்றினாலும் பத்துக் கடைத்தெருக்களைத்தான் பார்த்திருப்பாள்.

துறைமுகம் நெருங்கும்போது அனைவரையும் கூட்டி வைத்து, அந்த நாட்டைப் பற்றிச் சொல்கிறார்கள். எப்படி வணங்குவது, எங்கே செருப்பைக் கழற்றுவது, எதைப் படம் எடுக்கக்கூடாது, குடிக்க எந்தத் தண்ணீர், எத்தனை மணிக்குள் திரும்பவேண்டும். தாமதமாக வந்தால் அடுத்த துறைமுகத்தில் அதற்கேற்ப நேரம் கழிக்கப்படும். 2000களில் இந்தத் திட்டத்தின் கப்பல் பலமுறை சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது, பின்னாளில் கொச்சிக்கு. நம் ஊரில் இறங்கிய அந்தப் பிள்ளைகள், கடலில் இருந்த நாட்களில் நம்மைப் பற்றிக் கொஞ்சமாவது படித்துவிட்டு வந்தவர்கள். ஐந்தாறு நாளில் ஒரு நாட்டை யாரும் புரிந்துகொள்ள முடியாது. நம்மைப் பார்க்க வருகிறவர், வருவதற்கு முன் நம்மைப் பற்றிப் படித்திருப்பது ஒரு மரியாதை. அந்த மரியாதையைக் கடலில் கழிந்த நாட்கள் சாத்தியமாக்குகின்றன.

இதற்கு ஆகும் செலவு பெரிது. ஒரு பருவத்துக்கு 20,000 டாலரை எளிதாகத் தாண்டும். உதவித்தொகையும், கப்பலிலேயே பகுதிநேர வேலையும் சிலருக்குக் கிடைக்கின்றன. எளிய வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது எட்டாத கனவுதான். கல்வி என்று ஒன்றைச் சொன்னால், அது யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

கப்பல் எட்டாவிட்டாலும் அதன் உள்ளடக்கம் நமக்கு எட்டும். ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறார்கள். ராத்திரி மீனம்பாக்கத்தில் ஏறினால் மறுநாள் வேறொரு கண்டம். விசாவுக்கும் வங்கிக் கடனுக்கும் ஓடி அலைந்ததில், போகும் ஊரின் வரலாற்றில் பத்துப் பக்கம் படிக்கக்கூட நேரம் இருந்திருக்காது. இறங்கிய முதல் வாரத்தில் அவர்களைத் தாக்கும் தனிமைக்கு இதுவும் ஒரு காரணம். விமானச்சீட்டு வாங்கிய நாளிலிருந்து கிளம்பும் நாள்வரை, அந்த ஊரில் வாழ்ந்து திரும்பிய ஒருவரோடு உட்கார்ந்து பேச ஒரு மாலை, அந்நாட்டு எழுத்தாளர் ஒருவரைப் படிக்க ஒரு வாரம், அங்கே தனியாகச் சமைக்கவும் துவைக்கவும் பழகச் சில நாட்கள் என்று வீட்டில் உள்ளவர்கள் ஒதுக்கிக் கொடுக்கவேண்டும். நம் கல்லூரிகளும் இதை ஒரு பாடமாகவே நடத்தலாம். அதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. போகிற இடத்து மனிதர்களை மதித்துப் போகிற பிள்ளை, அங்கே சீக்கிரம் வேர் பிடிக்கும்.

(தொடரும்)