மறுபிறப்பைக் கேள்வி கேட்ட தத்துவ போதகர்

பிறருடைய உலகப் பார்வையைக் கேள்விக்கு உட்படுத்தி, அதன் வழியே தன் விசுவாசத்தை நிலைநாட்டுவது கிறிஸ்தவத்தின் பழைய வாதமுறை. தமிழில் அதை விரிவான உரைநடை நூல்களாக எழுதிய முன்னோடி இராபர்ட் தெ நொபிலி (1577–1656). இத்தாலியரான இந்த இயேசு சபைக் குரு 1606இல் மதுரைக்கு வந்தார். மதுரை உயர்மறைமாவட்டத்தின் வரலாறு அவருடைய மதுரை மிஷனிலிருந்து பிரிக்க முடியாதது.

காவி உடுத்தி, புலால் நீக்கி, சிவதர்மர் என்ற அந்தணரிடம் சமஸ்கிருதம் கற்ற அவருக்குத் தத்துவ போதகர் என்ற பெயர் நிலைத்தது. எதிர்த் தரப்பின் நூல்களைப் படித்த பிறகே வாதத்தில் இறங்கினார் என்பதுதான் அவருடைய பெரிய சிறப்பு. அவர் விவிலிய வசனத்தை முதலில் நீட்டுவதில்லை. கடவுள் என்றால் ஆதியற்றவர், உருவற்றவர், குறையற்றவர், எல்லாவற்றுக்கும் காரணர் என்று பகுத்தறிவைக் கொண்டு இலக்கணம் வகுப்பார். மக்கள் வணங்கும் தெய்வங்கள் அதற்குப் பொருந்துகின்றனவா என்று பிறகு கேட்பார்.

‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’ என்ற நூல் மறுபிறப்புக் கொள்கையை எதிர்க்கிறது. பிறவியிலேயே பார்வையில்லாத குழந்தை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முற்பிறவி வினைக்குத் தண்டனை என்றால், செய்த குற்றம் இன்னதென்றே தெரியாத ஒருவரைத் தண்டிப்பது எப்படி நீதியாகும்? முதல் பிறவியின் இன்ப துன்பத்துக்கு எந்த வினை காரணம்? இக்கேள்விகள் கூர்மையானவை, ஆனால் பதிலற்றவை அல்ல. உயிரைப் பிணிக்கும் ஆணவம், கன்மம் (வினை), மாயை மூன்றும் அநாதி, அதாவது தொடக்கமற்றவை என்பது சைவ சித்தாந்தம். அங்கே முதல் வினை என்ற பேச்சே எழாது. வினைப்பயனை ஊட்டுபவன் இறைவன் என்பதால் உயிர் மறந்தாலும் கணக்கு தவறாது.

எதிர்த் தரப்பின் நூலைப் படித்து வாதிடும் இதே முறையில், சுமார் இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு கிறிஸ்தவ மிஷனரிகளுக்குப் பதிலடி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. மிஷனரி பீட்டர் பெர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த சைவ அறிஞர் ஆறுமுக நாவலர், 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ வெளியிட்டார். கோயில், தூபம், தீபம், பலி யாவும் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கும்போது சைவரின் பூசையை மட்டும் பழிப்பது ஏன் என்று கேட்டார். அந்தச் சடங்குகள் வரவிருந்த கிறிஸ்துவின் நிழல், அவருடைய பலியோடு அவை நிறைவேறி முடிந்தன என்பது எபிரேயர் நிருபத்தின் வழியில் கிறிஸ்தவர் சொல்லும் விடை.