மனநோயாளிக்கு வீடு தேடி வரும் உதவி: காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் கண்ட பலன்

பயிரில் நோய் கண்டால் விவசாயி சும்மா இருப்பதில்லை. இலையைக் கிள்ளி எடுத்துக் கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போகிறார். மாடு தீனி எடுக்காவிட்டால் அன்றே கால்நடை டாக்டரிடம் ஓட்டிச் செல்கிறார். ஆனால் வீட்டில் வளர்ந்த பிள்ளை இரவெல்லாம் தூங்காமல் தனக்குத் தானே பேசிக் கொண்டிருந்தால், அதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். காற்று, கருப்பு என்று மந்திரிக்கிறார்கள். ஆடு மாடு விற்ற பணமெல்லாம் கரைந்த பிறகே டாக்டரிடம் வருகிறார்கள். அதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

இப்படி வருவது பெரும்பாலும் மனச்சிதைவு நோய். ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வரக்கூடும். பதினாறு வயது முதல் முப்பது வயதுக்குள், அதாவது குடும்பத்துக்குக் கை கொடுக்க வேண்டிய வயதில், இது தொடங்குவது வழக்கம்.

நோயின் அறிகுறிகள்

தூக்கம் கெடும். யாரும் பேசாதபோதே காதில் குரல் கேட்பதாகச் சொல்வார்கள். தனக்கு யாரோ கெடுதல் செய்வதாகச் சந்தேகப்படுவார்கள். காரணமின்றிச் சிரிப்பார்கள், கோபப்படுவார்கள். குளிப்பதிலும் உடுத்துவதிலும் அக்கறை போய்விடும். கழனி வேலையில் நாட்டம் இராது. இதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ ஏசக் கூடாது. மூளையின் இயக்கத்தில் ஏற்படும் கோளாறே இதற்குக் காரணம். பெற்றோர் வளர்ப்போ முன்வினையோ காரணமல்ல.

மாத்திரை மட்டும் போதுமா?

இந்நோய்க்கு நல்ல மருந்துகள் உண்டு. அரசு மருத்துவமனைகளில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மருந்து இருப்பது வேறு, அது நோயாளியின் கைக்கு வருவது வேறு. தாம்பரத்தைச் சுற்றியுள்ள மணிமங்கலம், படப்பை, திருப்போரூர் பக்கத்துச் சிறு விவசாயி செங்கல்பட்டுக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ போய் வருவதானால் ஒரு நாள் போய்விடும். துணைக்குப் போகிறவரின் கூலியும் போகும். நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் யாரால் போக முடியும்? ஒரு மாதம் தவறினால் மாத்திரை நிற்கும், நோய் திரும்பும். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16ஆம் ஆண்டில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கும் மேல் சிகிச்சை பெறாமல் இருப்பது தெரிய வந்தது. நகரத்தாருக்கும் கிராமத்தாருக்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே.

கிராமங்களில் நடந்த ஆராய்ச்சி

இந்த இடைவெளியைக் குறைக்க வழியுண்டா என்று அறிய ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதில் பங்கு கொண்ட நிறுவனங்களில் ஒன்று சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கியது இது. காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்கள், மகாராஷ்டிரத்தின் சதாரா, கோவா ஆகிய மூன்று இடங்களில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் 282 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். தாம்பரமும் செங்கல்பட்டும் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன.

புதிய நெல் ரகத்தைச் சோதிக்கும்போது பாத்திகளைப் பிரித்து, சிலவற்றில் புதிய முறையையும் சிலவற்றில் பழைய முறையையும் கையாண்டு மகசூலை ஒப்பிடுகிறோம் அல்லவா? அதே முறைதான் இங்கும். நோயாளிகள் குலுக்கல் போல இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். 95 பேருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். 187 பேருக்கு அதனுடன், பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர் வீடு தேடி வந்து செய்யும் உதவியும் கிடைத்தது. இந்த ஊழியர்கள் டாக்டர்களல்ல, நர்சுகளுமல்ல. எந்த நோயாளி எந்தப் பிரிவு என்று தெரியாதவர்களே கடைசியில் நோயின் நிலையை அளந்தார்கள்.

ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, வீட்டு உதவியும் பெற்றவர்களுக்கு நோயின் கடுமையும் முடக்கமும் ஓரளவு கூடுதலாகக் குறைந்திருந்தன. மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு பெரிதல்ல. ஆனால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அது தெளிவாகத் தெரிந்தது. சிகிச்சை வசதி குறைந்த கிராமப்புறங்களில் இம்முறையை முதலில் தொடங்குவது நல்லது என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. இது 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. வறண்ட நிலத்துக்கு விடும் ஒரு மடை தண்ணீர் கூடுதல் பலன் தருவது போன்றதே இது.

குடும்பத்தார் செய்யக் கூடியவை

அந்த ஊழியர்கள் செய்த வேலைகளில் பலவற்றை வீட்டாரே செய்யலாம்.

1. நோயைப் பற்றி டாக்டரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுதல்.

2. மாத்திரையைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துத் தவறாமல் கொடுத்தல். குணம் தெரிந்ததும் தாமாக நிறுத்துதல் கூடாது. தூக்கக் கலக்கம், கை நடுக்கம், உடல் பருமன் கண்டால் டாக்டரிடம் சொன்னால் மருந்தின் அளவையோ வகையையோ மாற்றுவார்.

3. சிறு வேலையில் தொடங்கிப் படிப்படியாகப் பழக்குதல். கீரை கட்டுதல், பூப்பறித்தல், கன்றுக்குத் தண்ணீர் காட்டுதல் முதலியவை ஏற்றவை. தூக்கக் கலக்கம் இருக்கும்வரை டிராக்டர், மோட்டார் பக்கம் விடக் கூடாது.

4. உடம்பையும் கவனித்தல். மனநோயாளிகளுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் அதிகம் காண்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவ்வப்போது சோதிக்க வேண்டும். பீடி, புகையிலை, சாராயத்தை விலக்க உதவ வேண்டும்.

5. பூச்சி மருந்துகளை வீட்டில் வைக்காதிருத்தல். தேவைக்கு மட்டும் வாங்கி, மிச்சத்தை வீட்டுக்கு வெளியே பூட்டி, சாவியைப் பொறுப்பானவரிடம் வைத்தல் எல்லாக் குடும்பங்களுக்கும் நல்லது.

6. ஊனமுற்றோருக்கான சான்றிதழும் உதவித் தொகையும் பெற முயலுதல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டுள்ளது.

கட்டி வைத்தல் தீர்வல்ல

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே விட்டவர்களும் நம்மைப் போன்ற குடும்பத்தார்தான். வேறு வழி தெரியாமல் விட்டவர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. கோயிலுக்குப் போவதைத் தடுப்பாரில்லை. சாமி கும்பிட்டுவிட்டு மாத்திரையும் கொடுக்கலாம்.

எங்கே போவது?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால், மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்த நாளில் எந்த ஊருக்கு வருகிறார் என்று சொல்வார்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போக இயலாதவர்கள் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். மத்திய அரசு 2022இல் தொடங்கிய சேவை இது. நோயாளி சாவைப் பற்றிப் பேசினால் அதை விளையாட்டாக எடுத்துக் கொள்ளாமல், தனியே விடாமல், அன்றே அழைத்துச் செல்ல வேண்டும்.

நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் சிகிச்சைக்கு வந்தவர்கள் தேறும் வாய்ப்பு அதிகம். பட்டத்தில் விதைத்த பயிர் போலத்தான் இதுவும். ஆகவே அறிகுறி கண்ட வீட்டார் அடுத்த அறுவடை வரட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே டாக்டரைப் பார்த்தல் நலம்.