திட்டத்திற்கும் ஒப்பீட்டுப் பாத்தி வேண்டும்

புதிய நெல் இரகம் நன்றாக விளைகிறது என்று சொன்னால், "எந்த இரகத்தைவிட?" என்றுதான் விவசாயப் பெருமக்கள் கேட்பார்கள். பழைய இரகத்தையும் பக்கத்திலேயே பயிரிட்டுப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். சோதனைத் திடலில் எந்தப் பாத்திக்கு எந்த இரகம் என்பதைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்குகிறோம். வளமான பாத்திகள் புதிய இரகத்திற்கே போய்விட்டால், மண்ணின் பெருமை விதையின் பெருமையாகிவிடும். இம்முறையை 1920-களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் வகுத்தவர் ரொனால்ட் ஃபிஷர் ஆவார்.

வயலில் வளர்ந்த இம்முறை, புதுமைகளையும் சிறுதொழில்களையும் ஊக்குவிக்கும் திட்டங்களைச் சோதிக்கவும் இன்று பயன்படுகிறது.

மான்செஸ்டர் கூப்பன்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் 2009-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் ஒன்றில், விளம்பரம், இணையதளம், வடிவமைப்பு போன்ற பணிகளுக்கு வல்லுநர்களை அமர்த்திக்கொள்ளச் சிறு நிறுவனங்களுக்கு 4,000 பவுன் கூப்பன் வழங்கப்பட்டது. நிறுவனம் தன் பங்காக 1,000 பவுன் போட வேண்டும். 150 கூப்பன்களே இருந்ததால், பெறுவோர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கிடைக்காதவர்கள் ஒப்பீட்டுப் பாத்தி ஆயினர்.

ஆறு மாதங்களில் கூப்பன் பெற்றோரிடம் புதுமைகளும் விற்பனையும் கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால் 12 மாதங்களில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆறாம் மாதத்தோடு கணக்கை முடித்திருந்தால் பெருவெற்றி என்றே எழுதியிருப்பார்கள். தழைச்சத்து இட்டவுடன் பயிர் கரும்பச்சையாவதைக் கண்டு மகசூலைக் கணக்கிட முடியாதல்லவா?

கென்யாவின் உரச் சோதனை

மேற்குக் கென்யாவில் மக்காச்சோள விவசாயிகள் பலர், இலாபம் தரும் என்று அறிந்தும் உரம் இடாமல் இருந்தனர். அறுவடை முடிந்து கையில் பணம் இருக்கும்போதே அடுத்த பருவத்திற்கான உரத்திற்குப் பணம் கட்டினால், வீட்டிற்கே இலவசமாகக் கொண்டுவந்து தருவதாகச் சிலருக்கு அறிவிக்கப்பட்டது. உர உபயோகம் நன்கு உயர்ந்தது. 2011-இல் வெளியான இம்முடிவுகளின்படி, பின்னர் உரமிடும் பருவத்தில் பாதி விலைக்குக் கொடுத்தால் கிடைக்கும் பலனுக்கு இது ஏறத்தாழ ஈடாக இருந்தது. மானியத்தின் அளவைப் போலவே அது வந்து சேரும் காலமும் முக்கியம் என்பது இதனால் விளங்குகிறது.

சிலருக்கு மறுப்பது நியாயமா?

நிதி எல்லோருக்கும் போதாதபோது, சிபாரிசைவிடக் குலுக்கல் நியாயமானது. மேலும், பயன் தராத திட்டத்தால் அரசுப் பணம் மட்டும் வீணாவதில்லை. தன் பங்குத் தொகைக்குக் கடன் வாங்கிய விவசாயி, திட்டம் முடிந்த பிறகும் வட்டி கட்டிக்கொண்டிருப்பார்.

கவனிக்க வேண்டியவை

1. திட்டம் தொடங்கும் முன்பே ஒப்பிடும் குழுவையும், எதை அளப்பது என்பதையும் முடிவு செய்ய வேண்டும்.

2. குறைந்தது ஓராண்டாவது, இயன்றால் அதற்கு மேலும், தொடர்ந்து அளக்க வேண்டும்.

3. ஓரிடத்து முடிவை எல்லா ஊருக்கும் பொருத்தக் கூடாது. இரகங்களைப் போலவே திட்டங்களுக்கும் பல இடங்களில் சோதனை தேவை.

4. உதவி கிடைக்காதவர்களும் வரவு செலவு விவரங்களைத் தயங்காமல் தர வேண்டும். அவர்கள் கணக்கு இல்லையேல் சோதனையே இல்லை.

எனவே, தொழில் தொடங்க உதவும் திட்டம் ஒன்று உங்கள் ஊருக்கு வரும்போது, அதனால் எத்தனை பேர் பயனடைந்தனர் என்பதோடு நின்றுவிடாமல், அது கிடைக்காதவர்களைவிட அவர்கள் எவ்வளவு முன்னேறினர் என்றும் கேளுங்கள்.